காயலான் கடையைக் கேலி பேசுவோரே, கணக்குப் பார்ப்போமா?

"இந்த வண்டியைக் காயலான் கடைக்குத்தான் போடணும்!"

தகப்பனார் ஓட்டிய பழைய ஸ்பிளெண்டரில் கல்லூரிக்குப் போகும் பையனைப் பார்த்து நண்பர்கள் வீசும் கேலி இது. கேலி செய்பவர்களில் பாதிப்பேர் நம் தெருப் பிள்ளைகள்தான் என்பது இன்னும் வேதனை.

சகோதரர்களே! காயலான் கடை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? காயல்பட்டினத்துக்காரரைக் குறித்த சொல் அது என்றே நம் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். பழைய இரும்பு, பித்தளை, உடைந்த சாமான் என்று ஊரார் தூக்கி எறிந்ததை விலை கொடுத்து வாங்கி, தரம் பிரித்து, தேவைப்பட்டவனுக்கு விற்று ஹலாலாகப் பிழைத்தவர்களின் ஊர்ப்பெயர் ஒரு தொழிலுக்கே பெயராகிவிட்டது. பெருமைப்பட வேண்டிய அந்தப் பெயர் இன்று வசைச்சொல்லாக மாறியிருக்கிறது. மாற்றியது யார்? அதனால் லாபம் யாருக்கு? அதைத்தான் இங்கே கேட்கிறோம்.

கடன்காரனாக்கும் கவர்ச்சி

கைக்காசு இல்லாமலே புது வண்டி தருகிறார்கள். ஆதார் அட்டையும் நாலு கையெழுத்தும் போதுமாம். "வட்டி வெறும் 10 சதவீதம்தான்" என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம்.

80,000 ரூபாய் கடன். மூன்று வருடம். 'ஃப்ளாட் ரேட்' முறையில் 10 சதவீதம். வருடத்துக்கு 8,000 வீதம் மூன்று வருடத்துக்கு 24,000 ரூபாய் வட்டி. மொத்தம் 1,04,000. மாதம் ஏறத்தாழ 2,890 ரூபாய் கட்ட வேண்டும். இதில் ஒளிந்திருக்கும் சூது என்ன தெரியுமா? மாதாமாதம் நீங்கள் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். கடன் குறைகிறது. ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 80,000-க்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த 10 சதவீதம் உண்மையில் ஏறக்குறைய 18 சதவீதம்!

வட்டி ஹராம் என்று மேடையில் முழங்குகிறோம். வாசலில் நிற்கும் வண்டி வட்டியில் வந்தது என்றால் அந்த முழக்கத்துக்கு என்ன மரியாதை? வீட்டில் 10,000 ரூபாய் செலவு செய்தால் இன்னும் ஐந்தாறு வருடம் ஓடக்கூடிய வண்டியை ஒரு மூலையில் துருப்பிடிக்க விட்டுவிட்டு, வட்டிக்குப் புது வண்டி வாங்குவது நாகரிகமா? சிந்தியுங்கள்!

வயதுக்குத் தண்டனையா, புகைக்குத் தண்டனையா?

"பழைய வண்டி காற்றைக் கெடுக்கிறது, அதனால்தான் அரசு ஒழிக்கச் சொல்கிறது" என்று சிலர் வாதிடுவார்கள். புகை கக்கும் வண்டிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 வண்டி 20 வருடத்துக்கு முந்திய வண்டியைவிடச் சுத்தமானது என்பதை மறுக்கவும் இல்லை. நம் கேள்வி வேறு. குற்றம் புகையா? வயதா?

டெல்லியில் என்ன நடந்தது? 2014, 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெயே கிடையாது என்று அரசு கிளம்பியது. மக்கள் கொதித்தெழுந்ததும் சில நாட்களிலேயே அந்த நடவடிக்கை நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து வண்டிச் சொந்தக்காரர் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தச் சலுகை பி.எஸ்.4 முதலான வண்டிகளுக்கே என்று சுருக்கிவிட்டது. நன்றாகப் பராமரித்த வண்டியும் நாசமாகப் போன வண்டியும் அங்கே ஒரே தராசில் நிறுக்கப்பட்டன. இதற்குப் பெயர் நீதியா?

நம் ஊரில் தனியார் வண்டியை வயதைச் சொல்லிப் பிடுங்குவதில்லை. 15 வருடம் முடிந்தால் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஆனால் வேறு வழியில் கழுத்தை நெரிக்கிறார்கள். அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் பைக்குக்கு 300 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. காருக்கு 600-லிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2,000, காருக்கு 10,000 என்று உயர்த்தினார்கள்.

2,000 ரூபாய் கட்டினால் புகை குறையுமா? கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் குறையும்! ஏர் ஃபில்டரை மாற்றினால் குறையும்! தேய்ந்த பிஸ்டன் ரிங்கை மாற்றினால் குறையும்! சோதனையில் தோற்ற வண்டியை நிறுத்துங்கள், நாம் தடுக்கவில்லை. தேறிய வண்டிக்கு ஏன் அபராதம் போன்ற கட்டணம்?

வெளிநாட்டைப் பாருங்கள் என்று நமக்குப் பாடம் நடத்துவார்கள். பார்ப்போமே! ஐரோப்பிய ஒன்றியம் ஆயுள் முடிந்த வண்டிகளுக்காக 2000-ல் சட்டம் போட்டது. 2015 முதல் ஒரு வண்டியின் எடையில் 95 சதவீதம் மறுபயன்பாட்டுக்கோ மீட்புக்கோ போக வேண்டும் என்பது அதன் விதி. நல்ல பாகத்தைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டுவது அவர்கள் செய்தால் சுற்றுச்சூழல் சேவை. புதுப்பேட்டையில் நம் ஆள் செய்தால் குப்பை வியாபாரமா?

இளைஞனே, கையைக் கறையாக்கிக்கொள்!

நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று ஹதீஸில் படிக்கிறோம். ஆனால் பிளக்கைக் கழற்றித் துடைப்பதற்குக்கூட மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறோம்.

8, 10, 12, 14, 17 அளவு ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு மல்டிமீட்டர். இவை இருந்தால் பழைய பைக்கின் பாதி வேலையை வீட்டிலேயே முடிக்கலாம். கார்புரேட்டர் கழுவும்போது ஜெட்டின் துளையில் கம்பியை விட்டுக் குத்தாதே. துளை பெரிதாகி வண்டி பெட்ரோல் குடிக்கும். காற்றை அடித்தாலே போதும். பிரேக் டிரம்மின் தூசியை வாயால் ஊதாதே. பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கக்கூடும், நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடை. பூட்டிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடாதே. அந்த வாயு மணமில்லாமல் கொல்லும். கார் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே போ.

பழைய பாகம் எதை வாங்கலாம்? மட்கார்டு, பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர் பாடி, ஹெட்லைட், கிராங்க் கேஸ், கார் கதவு, கண்ணாடி, ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். உன் வண்டியில் கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார். டேங்கின் உள்ளே டார்ச் அடித்துத் துருவைப் பார். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கடையிலேயே பேட்டரியில் போட்டுச் சுற்றவிட்டுப் பார். அலுமினியப் பாகத்தில் முடி போன்ற விரிசல் கோடு தெரிந்தால் தொடாதே.

எதை வாங்கக் கூடாது? பிரேக் ஷூ, பிரேக் பேட், பிரேக் கேபிள், டயர், பேரிங், ஆயில் சீல், கார் சீட் பெல்ட், ஏர் பேக், ஹெல்மெட். இவற்றில் மிச்சம் பிடிக்கும் 200 ரூபாய் உன் உயிருக்கு விலையாகிவிடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர் என்று பொருள். பளபளப்பாகக் கறுப்பு பூசியதைப் பார்த்து ஏமாறாதே. செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் புதிதாக, ஒரே செட்டாக வாங்கு. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் தின்றுவிடும்.

வியாபாரிகளே, உங்களுக்கும் சொல்ல வேண்டும்!

பிறரைக் கேட்ட கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையானவர்கள் அல்ல. நம் கடைக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

பழைய ஸ்பேர் கடை என்றதும் "திருட்டு வண்டி உடைக்கும் இடம்" என்று சந்தேகிக்கிறார்கள். ஒழுங்காகத் தொழில் செய்யும் நூறு பேரின் வயிற்றில் அடிக்கும் அவதூறு அது. ஆனால் அந்த அவதூறுக்குத் தீனி போடுவது யார்? காகிதம் கேட்காமல், கொண்டுவந்தவன் யார் என்று பார்க்காமல், பாதி விலைக்கு வருகிறதே என்று வாங்கிப் போடும் ஒரு சிலர்தானே! ஒருவனின் பேராசையால் ஒரு தெருவே தலைகுனிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கினால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 வருடம் வரை சிறை. அதையே வழக்கமாகச் செய்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். எனவே வண்டியை வாங்கும்போது ஆர்.சி. புத்தகம், விற்பவரின் அடையாள அட்டை நகல், கையெழுத்து மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் நோட்டில் பதியுங்கள். உடைக்கப்போகும் வண்டியின் பதிவை ரத்து செய்ய, 14 நாட்களுக்குள் அல்லது முடிந்த விரைவில் தெரிவிக்க வேண்டியது சொந்தக்காரரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு சொல்கிறது. அதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பழைய எஞ்சின் விற்றால் எண்ணைக் குறிப்பிட்டு பில் கொடுங்கள். வாங்கியவர் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி.யில் பதிய வேண்டுமே! பில் இல்லாத எஞ்சின் அவரை நடுரோட்டில் குற்றவாளியாக நிறுத்தும்.

இன்னொன்று. விரிசலை எம்-சீல் வைத்து அடைத்து, பெயிண்ட் அடித்து, "கம்பெனி சாமான் பாய்" என்று விற்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டபோது, அதை மேலே தெரியும்படி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியாததா? அந்த ஈரம்தான் இந்த விரிசல்! குறையைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஒருமுறை உண்மை சொன்ன கடைக்கு வாடிக்கையாளர் பத்து முறை வருவார்.

என்ன செய்யப் போகிறோம்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓய்ந்திருக்கும் பழைய மெக்கானிக் ஒருவர் இருப்பார். 'சேதக்' ஸ்கூட்டரையும் மாருதி 800-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டியவர். மாதம் இரண்டு ஞாயிறு அஸருக்குப் பின் அவரை அழைத்து, பத்துப் பிள்ளைகளை அவர் முன் உட்கார வையுங்கள். ஊதியமும் மரியாதையாகக் கொடுங்கள். கருவிகளை ஜமாஅத் பொதுவில் வாங்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவல் கொடுக்கட்டும். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் டின்னில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு வாங்குபவரிடம் கொடுக்கட்டும். ஸ்பேர் கடை வைத்திருப்பவர்கள் கற்கும் பிள்ளைகளுக்கு உடைந்த கார்புரேட்டர் இரண்டைச் சும்மா கொடுத்தாலே பெரிய உதவி.

இப்படிக் கற்ற பையன் கடனுக்கு வண்டி வாங்க மாட்டான். வேலை கிடைக்காவிட்டாலும் பட்டினி கிடக்க மாட்டான். ஷார்ஜாவின் பழைய ஸ்பேர் சந்தைக்குப் போனாலும் சாமானைத் தூக்கிப் போடும் கூலியாக அல்ல, சாமானைத் தெரிந்தவனாகப் போவான்.

நாளை யாராவது "இது காயலான் கடை வண்டி" என்று சிரித்தால் தலை குனியாதே, தம்பி! "ஆமாம், என் கையால் பிரித்து மாட்டிய வண்டி. ஒரு பைசா வட்டி இல்லாத வண்டி. உன் வண்டிக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி?" என்று கேள். பதில் சொல்லட்டும்!