பேப்பர் அடிப்பது போல சோலார் அடிக்கலாமா? 'நானோ' சோலார்: ஏழை வீட்டு கூரைக்கு எப்போ வரும்?

கரண்டு பில்லை பார்த்தாலே ஷாக் அடிக்குது என்று புலம்பாத வீடு இல்லை. சோலார் போடலாம் என்றால் ஒரு பலகையே 20 கிலோவுக்கு மேல் கனம். மெத்தை வீடு தாங்கும். ஓட்டு வீடும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் தாங்குமா?

இதற்கு மாற்றாக விஞ்ஞானிகள் சொல்வதுதான் 'நானோ' சோலார். ஒரு மீட்டரை 100 கோடி துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு ஒரு நானோ மீட்டர். அந்த அளவு பொடியான துகள்களை கலந்து, மெல்லிய தகட்டில் பூசி விடுவார்கள். சிலிக்கான் வில்லையின் தடிமனில் சுமார் நூறில் ஒரு பங்கு பூச்சு போதும். சரக்கு குறைவு, கனமும் குறைவு.

மூடு விழா கண்ட கம்பெனி

அமெரிக்காவில் 2002-ல் தொடங்கிய நானோசோலார் கம்பெனி இதைத்தான் செய்தது. தாமிரம், இண்டியம், காலியம், செலினியம் கலந்த நானோ மையை அலுமினிய தகட்டில் பேப்பர் அச்சடிப்பது போல அடித்தது. 2007 டிசம்பரில் முதல் சரக்கு வெளியே வந்தது. 2013-ல் கம்பெனிக்கு மூடு விழா! சீனா குவித்த சிலிக்கான் பலகைகளின் விலை தலைகுப்புற விழுந்ததால் போட்டி போட முடியவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஆலை

அதற்காக மெல்லிய படல சோலார் செத்துப் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே பர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் காட்மியம் டெலுரைடு பலகை ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3,300 மெகாவாட் திறன். ஆனால் இதுவும் கண்ணாடி பலகைதான். பெரிய சோலார் பண்ணைகளுக்கு போகிற சரக்கு.

அடுத்த நம்பிக்கை 'பெரோவ்ஸ்கைட்'. 2009-ல் ஜப்பானில் 3.8 சதவீத வெயிலை மின்சாரமாக்கியது, இப்போது ஆய்வுக்கூடத்தில் 26 சதவீதத்தை தாண்டி விட்டது. சிக்கல் என்ன? ஈரமும் சூடும் ஆகாது. ஈயமும் கலந்திருக்கிறது. மாடி சோலார் என்றால் 25 வருஷம் உழைக்க வேண்டாமா?

நமக்கு என்ன வழி?

மெத்தை வீட்டுக்காரர்கள் நானோவுக்காக காத்திருக்க வேண்டாம். 2024-ல் மத்திய அரசு கொண்டு வந்த சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு ரூ.60 ஆயிரம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78 ஆயிரம் மானியம்.

'நானோ சோலார் ஷீட்டு' என்று யாராவது வாசலுக்கு வந்தால், எத்தனை வருஷ கியாரண்டி என்று எழுதி வாங்குங்க. எழுதித் தராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

விலை போட்டியில் சிலிக்கான் ஜெயித்து விட்டது. தகர கூரைக்கும் ஏறும் லேசான பலகை, 25 வருஷம் தாங்குகிற நாள்தான் ஏழைக்கு விடிவு.