போக்கைத் துரத்துவது எழுத்துப் பயிற்சி ஆகாது

இணையத்தில் நன்றாக எழுதக் கற்பதும் இணையத்தின் அன்றாடப் போக்குகளோடு ஓடக் கற்பதும் ஒன்றே என்னும் எண்ணம் நம் கல்விச் சூழலில் கேள்வியின்றி நிலைபெற்றுவிட்டது. இரண்டும் வேறு வேறு. பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பகை என்பதே என் வாதம். ஆய்வு மாணவர்களிடமும் அவர்களை நெறிப்படுத்தும் பேராசிரியர்களிடமும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். பதிவு சற்று நீளமானது. நீளமாக எழுதினால் எவரும் படிக்க மாட்டார்கள் என்பாருக்கும் கீழே மறுமொழி இருக்கிறது.

வலைப்பதிவு எழுதக் கற்பிக்கும் பயிலரங்குகள் பெருகிவிட்டன. திருவனந்தபுரத்தில் இடவப்பாதி தவறினாலும் தவறும், இவை தவறுவதில்லை. அண்மையில் ஒன்றில் நானும் அமர்ந்திருந்தேன். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. எங்கும் ஏறத்தாழ இதே பாடம்தான். தலைப்பில் ஓர் எண் இருக்க வேண்டும். 300 சொற்களைத் தாண்டக் கூடாது. இந்த வாரம் எது ட்ரெண்டிங் என்று பார்த்தபின் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்தைவிட ரீல்ஸ் நல்லது. மூன்று மணி நேரத்தில் ‘சான்று’ என்ற சொல்லோ ‘திருத்தம்’ என்ற சொல்லோ ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ஆய்வாளர்கள் நிறைந்த அரங்கில் இது எவருக்கும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

போக்கோடு ஓடியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்ப்போம். ராயர் காப்பி கிளப், மரத்தடி, அகத்தியர் முதலான யாகூ குழுமங்களில் ஒரு தலைமுறை தமிழில் இலக்கியமும் இலக்கணமும் விவாதித்தது. யாகூ 2019 டிசம்பரில் குழுமங்களின் உள்ளடக்கத்தை அகற்றியது. அடுத்த ஆண்டு குழுமங்களையே மூடியது. ஜியோசிட்டீஸ் தளத்தில் கட்டப்பட்ட பக்கங்கள் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2009 அக்டோபரில், போய்விட்டன. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டியைச் சுற்றி வலைப்பதிவர்களின் பெருங்கூட்டம் திரண்டது. பிறகு ‘வலைப்பூவின் காலம் முடிந்தது’ என்று கூறி அவர்களில் பலர் கூகுள் பிளஸுக்குப் போனார்கள். அது 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. டிக்டாக்கை நம்பியவர்களின் கணக்கை 2020 ஜூனில் அரசு ஆணை ஒன்று ஒரே இரவில் முடித்துவைத்தது. 2021இல் இந்த நகரம் முழுவதும் கிளப்ஹவுஸில் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சில் ஒரு வரியையேனும் இன்று எவராவது மேற்கோளாகக் காட்ட முடியுமா? நம் வலைப்பூவை ஒதுக்கச் சொன்ன இடங்களே ஒவ்வொன்றாய் மறைந்தன. கைவிடப்பட்ட வலைப்பூக்களில் பல இன்னும் அதே முகவரியில் கிடக்கின்றன.

ஊடக உலகமும் இந்த ஓட்டத்தில் அடிபட்டிருக்கிறது. காணொளியே எதிர்காலம் என்று நம்பி அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் சில, எழுதுகிறவர்களை வேலையைவிட்டு அனுப்பின. தன் தளத்தில் மக்கள் காணொளி பார்க்கும் சராசரி நேரத்தை இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டிவந்ததாக 2016இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. போக்கு என்று நாம் கும்பிடுவது பல வேளைகளில் விளம்பரம் விற்பவரின் கணக்கேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

ஆய்வாளருக்கு இதில் தனிக் கவலை உண்டு. மேற்கோள் காட்டிய பக்கம் நாளையும் அங்கே இருக்க வேண்டும். 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டுகளில் காணாமற்போயின என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் குறிக்கப்பட்ட சுட்டிகளில் ஏறத்தாழப் பாதி, மேற்கோள் காட்டப்பட்ட பொருளை இப்போது காட்டுவதில்லை என்று ஹார்வர்டு அறிஞர்கள் முன்பே எழுதினார்கள். உச்ச நீதிமன்றத்துக்கே இந்தக் கதி என்றால், ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் முகநூல் பதிவைத் தரும் நம் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி நீளம் பற்றி. நம் நகரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள நாகர்கோவிலில் அமர்ந்து, ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் நாள் ‘வெண்முரசு’ தொடங்கினார். அன்றாடம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியாகி, 26 நாவல்களாக 2020 ஜூலையில் அது முடிந்தது. அவருடைய கருத்துகளோடு எனக்குள்ள வேறுபாடுகளுக்கு இது இடமன்று. ட்விட்டரும் வாட்ஸ்அப்பும் தமிழரின் கவனத்தைத் துண்டுதுண்டாக்கிவிட்டதாக நாம் கருத்தரங்குகளில் புலம்பிய அதே ஆறரை ஆண்டுகளில், தமிழின் மிக நீண்ட புனைவு ஒன்று கைபேசித் திரைகளில் நாள்தோறும் படிக்கப்பட்டது. தமிழ் வாசகன் நீளத்துக்கு அஞ்சுகிறான் என்பது அவனை அறியாதவர்கள் கட்டிய கதை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னொரு சான்று. அழகுணர்ச்சி உள்ள எவரும் அந்தத் தளத்தைக் கண்டு வியக்கமாட்டார். ஆனால் இந்தப் பதிவைப் படிக்கும் தமிழ் மாணவர்களில் அதைத் திறந்திராதவர் எவருமில்லை.

அப்படியானால் நல்ல வலைப்பதிவு என்பது எது? கணிதத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 2009இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் திமொதி கௌவர்ஸ் தம் வலைப்பதிவில் தீர்க்கப்படாத சிக்கல் ஒன்றை வைத்து, யார் வேண்டுமானாலும் சேர்ந்து தீர்க்கலாம் என்று அழைத்தார். அரைகுறை யோசனைகளையும் மறுமொழியில் எழுதலாம் என்பது விதி. சில வாரங்களில் தீர்வு கிட்டியது. கட்டுரை ‘பாலிமேத்’ என்ற கூட்டுப் புனைபெயரில் வெளிவந்தது. அதே வலைப்பதிவில் அவர் 2012இல் எழுதிய ஒரு பதிவு, எல்சேவியர் பதிப்பகத்துக்கு எதிராக ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் கையெழுத்திட்ட புறக்கணிப்புக்கு வித்திட்டது. இவற்றுக்கு ரீல்ஸ் தேவைப்படவில்லை. முகவரி, நாள், தெளிவான வினா, மறுமொழிக்குத் திறந்த கதவு, பிழை காட்டப்பட்டால் திருத்தும் நேர்மை ஆகியவையே போதுமாயிருந்தன. ஆய்விதழ் முடிந்த முடிவையே கேட்கும். முடியாத யோசனைக்கு நம்மிடம் இருந்த ஒரே இடம் வலைப்பதிவுதான். அதையும் சந்தைக்கடையாக்கப் பயிற்சி தருகிறோம்.

எல்லா மாற்றத்தையும் மறுக்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கோர் எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்துவந்த தமிழுலகம் ஒருங்குறிக்கு மாறியது, விட்டுவிட முடியாத மாற்றம். மாறாதவர்களின் எழுத்து, எழுத்துரு கிடைக்காத கணினியில் வெறும் கிறுக்கலாயிற்று. ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசே 2010இல் தரமாக ஏற்றது. இது எழுத்தின் அடித்தளத்தில் நிகழ்ந்த மாற்றம். அடித்தளத்தில் நிகழ்வதைக் கற்றே ஆக வேண்டும். திருவிழாக் கடையில் நிகழ்வதைக் கற்காவிட்டால் இழப்பில்லை. நம் துறைகளின் அவலம் என்னவென்றால், இரண்டாவதைக் கற்க ஓடுகிறவர்கள் முதலாவதை இன்னும் கற்கவில்லை.

ஐயமிருந்தால் சோத்கங்காவைத் திறந்து பாருங்கள். தமிழ் ஆய்வேடுகளில் எத்தனை இன்னும் பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்யப்பட்டவை, எத்தனை வெறும் படங்களாக வருடி ஏற்றப்பட்டவை! பாமினியில் நாம் ‘தமிழ்’ என்று அடிக்கும் சொல், கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகளாகவே சேமிக்கப்படுகிறது. கூகுள் அதைத் தேடித் தராது. அடுத்த ஆய்வாளர் அதில் ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாது. திரைவாசிப்பானை நம்பிப் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு அந்த ஆய்வேடு முழுவதும் பொருளற்ற ஒலிக்குவியல். தமிழ்த் துறைகளில் அத்தகைய மாணவர்கள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். ஐந்தாண்டு உழைத்து எழுதியதை நாமே பூட்டிவைத்துவிட்டு, ‘ரீச்’ கிடைக்கவில்லை என்று வருந்துகிறோம்.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணமுண்டு. இந்நகரின் தமிழ் இலக்கியம் எந்தப் போக்கையும் துரத்தி உண்டானதன்று. மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன் ‘எழுத்து’ போன்ற சிற்றிதழ்களில், விரல்விட்டு எண்ணத்தக்க வாசகருக்காக எழுதினார். அவர் தொகுத்த ‘குருக்ஷேத்திரம்’ 1968இல் இங்கிருந்து வெளிவந்தது. சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்துகொண்டே அத்தெருவின் மனிதர்களைக் கதையாக்கினார் ஆ. மாதவன். நீல பத்மநாபன் இந்த நகரையே ‘பள்ளிகொண்டபுரம்’ ஆக்கினார். சென்னையின் வார இதழ்கள் அக்காலத்தில் எதைக் கேட்டன என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர்; அறிந்தே விலகி நின்றார்கள். மாதவன் 2021 ஜனவரியில் மறைந்தார். அவர் கதைகளில் வரும் சாலைத் தெருவின் சந்துகளையும் கடைகளையும் தொழில்களையும் இன்றைய சாலையோடு ஒப்பிட்டு, படங்களோடு யாரேனும் வரிசையாக எழுதினால் அது எத்தகைய ஆவணமாகும்! காரியவட்டம் சுவடி நூலகத்தில் தமிழ்ச் சுவடி பார்ப்பவர், பார்த்த ஒவ்வொன்றைப் பற்றியும் பத்து வரி எழுதி நாளிட்டு வைத்தால் போதும். யாழ்ப்பாணத்திலோ பாரிசிலோ ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார். எந்த வாரத்திலும் ட்ரெண்டிங் ஆகாத பொருள்கள் இவை. இங்கே வாழ்பவர் எழுதாவிட்டால் வேறு எவராலும் எழுத முடியாதவையும் இவையே.

‘வலைப்பதிவுக்கு மதிப்பெண் உண்டா?’ என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் மதிப்பெண் பட்டியல்களின் ஆயுளையும் பார்த்துவிட்டோம். யுஜிசி கேர் பட்டியலில் இடம்பெறத் தவம் கிடந்தோம். 2025இல் அந்தப் பட்டியலே கைவிடப்பட்டது. பணம் கொடுத்து வெளியிட்ட கட்டுரைகளை அவற்றை எழுதியவர்களே மறுமுறை படித்திருப்பார்களா என்பது ஐயம். இன்னொன்றும் உண்டு. வாரத்தின் போக்கைப் பார்த்து, எண்ணிட்ட தலைப்போடு, 300 சொல்லில் வழவழவென்று எழுதும் வேலையைச் சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில் செய்துவிடுகிறது. அதில் அதை வெல்ல ஏன் பயில வேண்டும்? சாலைத் தெருவில் நடந்து, கடைக்காரரிடம் பேசி, பெயர்ப்பலகையைப் படித்து வந்து எழுத அதற்குக் கால்கள் இல்லை.

இதை ஏன் முகநூலில் எழுதுகிறாய் என்ற கேள்வி எப்படியும் வரும். ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். கூப்பிட இங்கேதான் வர வேண்டும். இதே கட்டுரை என் வலைப்பூவில் நாளிட்டு இருக்கிறது. இணைய ஆவணகத்திலும் ஒரு படி சேமித்துள்ளேன். இங்கே நீங்கள் சுட்டும் பிழைகளை, சுட்டியவர் பெயரோடு அங்கே திருத்துவேன்.

ஆய்வேட்டை ஒருங்குறிக்கு மாற்ற விரும்புவோர், எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தீர்கள் என்று மறுமொழியில் குறிப்பிடுங்கள். பாமினி, வானவில், திஸ்கி ஆகியவற்றை என்.எச்.எம். மாற்றி பெரும்பாலும் சரியாகவே மாற்றித் தருகிறது. மாற்றியபின் ஒகர ஓகாரங்களையும் மேற்கோள் குறிகளையும் மட்டும் கண்ணால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஓர் இயலுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.