உம்மாவின் நித்திரையைப் பாடியது போதும்

அண்மையில் எமது பிரதேசத்தில் நடைபெற்ற கவியரங்கு ஒன்றில் ஏழு கவிஞர்கள் தாயைப் பாடினார்கள். அவர்களில் ஐந்து பேருடைய தாய்மார் நித்திரை கொள்ளாதவர்கள். ஒரு தாய் விளக்கோடு விழித்திருந்தாள். இன்னொரு தாய் சேவல் கூவுமுன் எழுந்தாள். சபை கைதட்டியது. நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் கை கூசியது.

கூசியதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்பு நானும் அப்படியொரு கதை எழுதியவள்தான். கண் மூடாத உம்மாதான் அதன் நாயகி. கதை பாராட்டுப் பெற்றது. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ கேட்டுவிட்டுச் சொன்னா: "நான் நித்திர கொள்ளாதத நல்லா எழுதிரிக்காய் மகள். ஏன் கொள்ளல்லெண்டு எழுதல்லியே."

அந்தக் கேள்விக்கு நமது இலக்கியம் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறேன். மெத்தையும் நித்திரையும் இலக்கியச் சஞ்சிகைக்குரிய விடயமா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

கிழக்கிலே நமது கலியாண வீடுகளைப் பாருங்கள். வீடும் பெண் வீட்டார் கொடுப்பது. கட்டிலும் மெத்தையும் அவர்கள் கொடுப்பது. வாப்பா கடன்படுகிறார். உம்மா வெளிநாட்டில் யாரோ ஒருவரின் குசினி மூலையில் படுத்தெழும்பிக் காசு அனுப்புகிறா. அந்தக் காசில் ஸ்பிரிங் மெத்தை வந்து இறங்குகிறது. ஊரார் வந்து அமர்த்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பழுதாகிவிடும் என்று பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றுவதில்லை. முதற்பிள்ளை பிறக்கிறது. பிள்ளை அழுதால் அவருடைய நித்திரை குழம்புமாம்! பிள்ளையோடு அவள் தரைக்கு இறங்குகிறாள். மெத்தையில் அவர், பன் பாயில் இவள். அவளுடைய வீடு, அவளுடைய கட்டில், அவளுடைய உம்மாவின் வியர்வை. அவளுக்கு மிஞ்சியது பாய்.

நோன்பு மாதத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். இஃப்தார் கோப்பைகளைக் கழுவி அடுக்கி அவள் படுக்கும்போது நள்ளிரவு. ஸஹருக்குச் சோறு வேக வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரு மணித்தியாலம் முன்பே எழும்ப வேண்டும். ஸுப்ஹு தொழுதுவிட்டு ஆண்கள் மீண்டும் படுக்கிறார்கள். அவளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கின்றன.

இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். முதலாவது மார்க்கத்தின் பெயரால் வருவது. நபி (ஸல்) அவர்களின் படுக்கை ஈச்ச நார் அடைத்த தோலாக இருந்தது என்பார்கள். உண்மைதான், எளிமைக்கு அதைவிடச் சிறந்த பாடமில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் மெத்தைக்கு அளவு சொல்லும் நாளில் அந்தப் பாடம் எவருக்கும் ஞாபகம் வருவதில்லை. மகள் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லும் நாளில் மட்டும் வருகிறது. அவர்கள் வீட்டிலிருக்கையில் குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்ற அறிவிப்பும் அதே கிதாபுகளில்தான் இருக்கிறது.

இரண்டாவது பதில், தரையில் படுப்பதுதான் முதுகுக்கு நல்லது என்பது. 2003இல் 'லான்செட்' மருத்துவச் சஞ்சிகையில் ஸ்பானிய ஆய்வொன்று வெளியானது. நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரமான மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் அவதானித்தார்கள். நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்கே கூடிய சுகம் கிடைத்தது. கடினமானதெல்லாம் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு அங்கே ஆதரவில்லை.

வயது வந்தவருக்கு இரவில் 7 மணித்தியாலமாவது நித்திரை வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவ நிபுணர்கள் 2015இல் கூடி முடிவு சொன்னார்கள். நித்திரையின்மை ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதும் வைத்தியர்கள் அறிந்ததே. நிறைமாதத்தில் வயிறு படுக்கவிடாது. இரும்புச்சத்துக் குறைந்தால் இரவில் கால்கள் உளைந்துகொண்டே இருக்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு திடீரெனக் கொதித்து எழுப்பிவிடும். உடம்பே இத்தனை தடவை எழுப்பும் ஒருத்தியை நாமும் எழுப்புகிறோம், ஒரு பிளேன்டிக்காக. பகலில் அவள் எரிந்து விழுந்தால் "பொம்புளைக்குக் கோபம் கூட" என்கிறோம்.

சோற்றுக்கே வழியில்லாத வீட்டில் மெத்தைக்கு எங்கே போவது என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் பேசுவது மெத்தை இருக்கும் வீட்டைப் பற்றி. அதில் யார் படுப்பது என்பதே எனது கேள்வி. மெத்தையே இல்லாத வீட்டிலும் அழுகிற பிள்ளையை வாப்பா ஒரு சாமம் தூக்கி உலாத்தலாம். ஸஹர் சோற்றை மகன் ஒரு நாள் வைக்கலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

உம்மா இப்போது இல்லை. கடைசி இரண்டு வருடங்கள்தான் மெத்தையில் படுத்தா. அதுவும் வைத்தியர் சொன்ன பிறகு நாங்கள் வாங்கிக் கொடுத்த தும்பு மெத்தை. முதல் நாள் விடிய, "இவ்வளவு நாளும் இது தெரியாமப் போச்சே" என்றா. அந்த வசனத்தை நான் எந்தக் கதையிலும் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

கவிஞர்களே, தாயின் விழிப்பைப் பாடும் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் யார் கட்டிலில், யார் தரையில் என்று எழும்பிப் போய்ப் பாருங்கள். தரையில் படுத்திருப்பவளைக் கட்டிலுக்கு அனுப்புங்கள். விடிய அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். அவள் வயிறார நித்திரை கொண்டு எழும்பிய பிறகு கவிதை எழுதுங்கள். அதற்கு நான் மனதாரக் கைதட்டுவேன்.