கிருமியை ஏமாற்றும் போலி இழை!

தறியில் பாவு இழை அறுந்தால் என்ன செய்வார்கள்? ஆரணியில் சிறு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இரண்டு முனைகளையும் பிடித்து இணைப்பார்கள். முனையே இல்லாத இழையை இணைக்க முடியுமா? முடியாது!

எய்ட்ஸ் கிருமியை அடக்கும் மருந்தின் ரகசியம் இதுதான்.

கொக்கி இல்லை

எச்.ஐ.வி. கிருமி, ரத்தத்தில் உள்ள உயிரணுவுக்குள் புகுந்து தன் இனத்தைப் பெருக்குகிறது. அதற்காக ஓர் இழையைத் தயாரிக்கிறது. நான்கு வகைத் துண்டுகள் மாறி மாறிச் சேர்ந்ததே அந்த இழை.

சிடோவுடின் என்ற மருந்து, அதில் ஒரு துண்டைப் போலவே இருக்கும். கிருமி அதை உண்மை என்று நம்பிச் சேர்த்துக் கொள்ளும். ஆனால், அடுத்த துண்டை மாட்டும் கொக்கி அதில் கிடையாது. இழை அதோடு நின்று விடும்!

அமெரிக்க விஞ்ஞானி ஜெரோம் ஹார்விட்ஸ், 1964-ல் புற்றுநோய்க்காக இதைத் தயாரித்தார். பலன் இல்லை. மூலையில் கிடந்தது. 1987-ல் எய்ட்ஸ் நோய்க்கு முதல் மருந்தாக அமெரிக்கா இதை அங்கீகரித்தது.

இலவச மருந்து

இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்தது சென்னையில்தான். ஆண்டு 1986. கண்டுபிடித்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி நிர்மலாவும்.

தொடக்கத்தில் மருந்தின் விலை ஏழைக்கு எட்டாதது. 2001-ல் சிப்லா நிறுவனம், மூன்று மருந்துகளை நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. அவற்றில் இரண்டு, போலித் துண்டு இனமே. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகவே கொடுக்கிறது. லாமிவுடின் என்ற போலித் துண்டு இன்றும் அந்த மாத்திரையில் இருக்கிறது.

வெட்கம் எதற்கு?

மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டும். அடிக்கடி விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். ஒழுங்காகச் சாப்பிட்டால் நீண்ட காலம் வாழலாம். கர்ப்பிணியிடம் இருந்து குழந்தைக்குப் பரவும் ஆபத்தும் மிகவும் குறையும்.

அப்படி இருந்தும் சிலர் ஏன் நிறுத்துகிறார்கள்? "பக்கத்து வீட்டார் பார்த்து விடுவார்களோ?" என்ற பயம்! மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். மறந்தும் விடுகிறார்கள்.

இது நோயாளியின் குற்றம் அல்ல. ஊரின் குற்றம். சேர்ந்து சாப்பிட்டால் இந்த நோய் ஒட்டாது. ஒரே தறியில் உட்கார்ந்தாலும் ஒட்டாது. வேலையிலும், பள்ளியிலும், ஆஸ்பத்திரியிலும் இவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்து விட்டது.

மருந்தை அரசு தருகிறது. அதை ஒளிக்காமல் விழுங்கும் தைரியத்தை அக்கம்பக்கத்தார்தான் தர வேண்டும். அதற்குக் காசு செலவு இல்லை!