இயங்கும் அட்டைகள்

அட்டையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தாள் நாக்கை இழுத்தால் படத்திலுள்ள யானை துதிக்கையைத் தூக்குகிறது. தாளில் வெட்டப்பட்ட கதவைத் திறந்தால் உள்ளே ஒளிந்திருந்த பூனை எட்டிப் பார்க்கிறது. இத்தகைய அட்டைகளைக் கண்டோர் சிறிது நேரம் வியந்துவிட்டு, 'சிறுபிள்ளை விளையாட்டு' என்று ஒதுக்கிவிடுவதே வழக்கமாக உள்ளது. ஓவியத்தைக் கலையென்று போற்றுவோர் உளர். பொறியைத் தொழில்நுட்பமென்று போற்றுவோரும் உளர். இவ்விரண்டையும் ஒரே தாளில் இணைத்துத் தருபவரைப் போற்றுவோர் மிகச் சிலரே. இம்மதிப்பீடு நேரியதன்று. அசையாத படம் ஒரு செய்தியைக் காட்டுவதோடு அமைந்துவிடும். அசையும் படமோ அச்செய்தியைப் பார்ப்பவர் தம் கையாலேயே நிகழ்த்துமாறு செய்கிறது. பிறர் சொல்லக் கேட்டதை ஐயுறும் மனிதர், தம் கையால் நிகழ்த்தியதை எளிதில் நம்பிவிடுவர். ஆதலின், இயங்கும் அட்டையை அமைப்பவருக்கு ஓவியரைவிடப் பொறுப்பு மிகுதி.

இக்கலை குழந்தைகளுக்காகப் பிறந்ததன்று. 13ஆம் நூற்றாண்டில் மயோர்க்காத் தீவில் பிறந்த ரமோன் லூல் என்னும் அறிஞர், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் வட்டுகளைத் தம் தருக்க நூலில் அமைத்தார். கருத்துகளைக் குறிக்கும் எழுத்துகளைப் பல வகையாக இணைத்துப் பார்க்க அவை உதவின. அதன்பின் வானியலாரும் மாலுமிகளும் இவ்வகைச் சுழல்வட்டுகளைப் பெரிதும் விரும்பினர். இவற்றுள் தலைசிறந்தது, பீட்டர் அப்பியான் என்பவர் 1540ஆம் ஆண்டில் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் அச்சிட்ட வானியல் நூல். பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு அது படைக்கப்பட்டது. கோள்களின் நிலையை அறிய நீண்ட கணக்குகள் போட வேண்டியதில்லை. வண்ணந்தீட்டிய தாள் வட்டுகளை உரிய ஆண்டுக்கும் நாளுக்கும் திருப்பி, நடுவே கோத்த நூலை இழுத்துப் பிடித்தாலே போதும். இன்றும் அதைக் காண்போர் அதன் அழகில் மயங்குகின்றனர்.

ஆயினும் அவ்வட்டுகள் யாவும் பூமியை நடுவாக வைத்தே சுழன்றன. நூல் வெளிவந்த மூன்றே ஆண்டுகளில், 1543இல், பூமியும் பிற கோள்களும் கதிரவனைச் சுற்றுகின்றன என்று கூறும் கோப்பர்னிக்கஸின் நூல் வெளியாயிற்று. அப்பியானின் தாள் வட்டுகள் பழுதின்றித் திரும்பின. அவற்றுக்கு அடிப்படையான கொள்கைதான் நிலைபெறவில்லை. நன்றாகச் சுழல்வது நன்றாக மெய்ப்பிக்கப்பட்டது ஆகாது. அழகிய பொறியைக் கையில் ஏந்தியவர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுவது இயல்பு. இந்நாளில் திரையில் அசைந்தாடும் விளக்கப்படங்களைக் கண்டு தலையசைப்போருக்கும் இது பொருந்தும்.

அதே 1543ஆம் ஆண்டில் ஆந்திரேயாஸ் வெசாலியஸ் என்னும் மருத்துவ அறிஞர், மனித உடலின் அமைப்பைப் பற்றிய தம் பெருநூலோடு, மாணாக்கர்க்கென ஒரு சுருக்க நூலையும் பாசெல் நகரில் வெளியிட்டார். அதன் தாள்கள் சிலவற்றில் உடலுறுப்புகளின் படங்கள் தனித்தனியே அச்சிடப்பட்டிருந்தன. மாணாக்கர் அவற்றை வெட்டியெடுத்து, தடித்த தாளில் ஒட்டி உறுதிப்படுத்தி, மனித உருவின்மேல் அடுக்கடுக்காகப் பொருத்த வேண்டும். பொருத்திய பின் ஓரடுக்கைத் தூக்கினால் அதன்கீழ் அடுத்த அடுக்குத் தெரியும். பிணத்தை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அரிதாயிருந்த காலத்தில், எவ்வுறுப்பு எதன்கீழ் உள்ளது என்பதை விரல்களே கற்றுக்கொண்டன. இங்கே படம் மறைக்கப்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. உடல் தன் உறுப்புகளை எவ்வாறு மறைத்து வைத்திருக்கிறதோ அவ்வாறே தாளும் மறைத்து வைத்தது. மறைபடத்துக்கு இதனினும் சிறந்த இலக்கணம் காண்பது அரிது.

மறைபடம் எப்போதும் இவ்வளவு நேர்மையாக இருப்பதில்லை. இங்கிலாந்தில் வாழ்ந்த ஹம்ப்ரி ரெப்டன் (1752–1818) என்பவர் செல்வர்களின் மாளிகைத் தோட்டங்களைத் திருத்தியமைக்கும் தொழில் புரிந்தவர். ஒவ்வொரு தோட்டத்துக்கும் சிவப்புத் தோலட்டையிட்ட கையெழுத்து நூல் ஒன்றை அவர் எழுதித் தருவது வழக்கம். அதில் தோட்டத்தின் இன்றைய தோற்றம் ஒரு மடிப்புத் தாளில் வரையப்பட்டிருக்கும். அம்மடிப்பைத் தூக்கினால், அவர் திருத்தியபின் தோன்றவிருக்கும் காட்சி அடியிலிருந்து வெளிப்படும். மேடு மறைந்து நீர்நிலை தோன்றும். வேலி மறைந்து புல்வெளி விரியும். பொருளை விற்க இதைவிடத் திறமையான வழி வேறில்லை. உரிமையாளர் தம் கையாலேயே பழைய தோட்டத்தை நீக்கிப் புதியதைப் பெற்றுவிடுகிறார் அல்லவா?

1816இல் வெளியான தம் நூலில், எசெக்ஸ் மாவட்டத்திலிருந்த தம் சொந்தக் குடிலிலிருந்து காணும் காட்சியையும் ரெப்டன் இம்முறையில் வெளியிட்டார். மடிப்பின் மேலே உள்ள படத்தில், எதிரே இறைச்சிக் கடை ஒன்று தெரிகிறது. வேலியோரம் ஊனமுற்ற இரவலன் ஒருவன் நிற்கிறான். மடிப்பைத் தூக்கினால், வீட்டின் முன்னிருந்த திறந்த வெளி தோட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது. பூஞ்செடிகள் கடையை மறைத்துவிடுகின்றன. இரவலனும் காணாமற் போகிறான். அவன் எங்கே சென்றான் என்று படம் சொல்லவில்லை. ஓவியத்தின் வண்ணமும் நயமும் குறைகூற இயலாதவை. எனினும் ஓர் ஏழையை அகற்றும் வேலையைப் பார்ப்பவரின் விரலிடமே ஒப்படைத்த படம் அது. எதை வெளிப்படுத்துவது என்று எண்ணும் அளவுக்கு, எதை மறைப்பது என்றும் எண்ணாத அமைப்பாளர் இத்தகைய பிழையில் வீழ்வர்.

இனி, இவ்வட்டைகளின் அமைப்பைச் சிறிது காண்போர், இதனைக் கணிதத்தின் பிள்ளை என்றே கொள்வர். அட்டையைத் திறந்ததும் எழுந்து நிற்கும் பெட்டி வடிவை எடுத்துக்கொள்ளலாம். கீழ்ப்பக்கம் தரையாகவும் மேல்பக்கம் சுவராகவும் நிற்கின்றன. மடிப்பிலிருந்து தரையில் 6 செ.மீ. தொலைவில் ஒரு துண்டை ஒட்டி, அதை 8 செ.மீ. உயரம் எழுப்பி, அங்கு மடித்து, சுவரில் 8 செ.மீ. உயரத்திலுள்ள இடத்தோடு இணைக்க வேண்டுமெனின், மேல்துண்டின் நீளம் மீண்டும் 6 செ.மீ. ஆகவே இருத்தல் வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாயின் அது இணைகரம். இணைகரமாயின் அட்டை தட்டையாக மூடும். ஒரு பக்கம் சிறிதே நீண்டாலும் தாள் கசங்கும். மூடியபோது பெட்டியின் முனை மடிப்பிலிருந்து 6 + 8 = 14 செ.மீ. தொலைவுக்கு நீளும். அட்டையின் அகலம் 15 செ.மீ. ஆயின் அது உள்ளேயே அடங்கும். 6-க்கு மாறாக 9 செ.மீ. வைத்துவிட்டாலோ முனை 2 செ.மீ. வெளியே துருத்திக்கொண்டு, மறைக்க வேண்டியதை முன்னரே காட்டிக்கொடுத்துவிடும்.

தாளுக்கும் இயல்பு ஒன்று உண்டு. ஆலையில் செய்யப்படும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அத்திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் வெடிப்பு உண்டாகும். அமைப்பாளர் கத்தரிக்கோலை எடுக்குமுன் தாளை மெல்ல வளைத்துப் பார்த்து, எத்திசையில் எளிதாக வளைகிறது என்று அறிந்துகொள்வது இதனாற்றான்.

இக்கலையைக் குழந்தைகளின் உலகுக்குக் கொண்டுவந்தோருள் முதலிடம் பெறத் தக்கவர் மியூனிக் நகரத்து ஓவியர் லோதார் மெக்கன்டோர்ஃபர் (1847–1925). நகைச்சுவை இதழ்களுக்குப் படம் வரைந்துவந்த அவர், தம் மகனுக்குப் பரிசாகச் செய்த நூலிலிருந்தே இத்துறையில் புகுந்தார் என்பர். அவருக்கு முன்னும் இலண்டனில் டீன் என்னும் பதிப்பகத்தார் அசையும் படநூல்களை வெளியிட்டனர். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஓர் இழுப்புக்கு ஒரே ஓர் அசைவுதான். மெக்கன்டோர்ஃபரோ இரு தாள்களுக்கிடையே பல நெம்புகோல்களை ஒளித்து வைத்தார். மெல்லிய செம்புக்கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதையே ஆணியாக அமைத்து, அதில் தாளுறுப்புகள் தளர்வாகச் சுழலுமாறு செய்தார். ஆணிக்கு 1 செ.மீ. தொலைவில் இழுக்கும் நெம்புகோல், 6 செ.மீ. தொலைவிலுள்ள கைந்நுனியை ஏறத்தாழ ஆறு மடங்கு தூரம் அசைக்கும். இக்கணக்கை வெவ்வேறு உறுப்புகளுக்கு வெவ்வேறாக வகுத்ததால், ஒரே நாக்கை இழுக்க, ஒருவரின் கண் சிறிதே உருளும். கை பெரிதாக உயரும். அருகிலிருப்பவரின் தலை எதிர்த்திசையில் திரும்பும். எல்லாம் ஒரே வேளையில் தொடங்குவதுமில்லை. ஒன்று நிகழ்ந்தபின் மற்றொன்று நிகழும் அந்தச் சிறு இடைவெளியில்தான் நகைச்சுவை பிறக்கிறது.

அவருடைய அசைவுகள் வெறும் அலங்காரமல்ல. மனிதரின் செருக்கும் அச்சமும் சோம்பலும் முகத்தைவிட உடலசைவிலேயே நன்கு வெளிப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார். இயக்கத்தை நீக்கிவிட்டால் அப்படங்களின் கதை பாதியில் நின்றுவிடும். இதையே இக்கலைக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். இந்நாளில் ஒளிக்கதிரால் நுண்ணிதாக வெட்டப்பட்டுக் கடைகளில் விற்கும் அட்டைகள் பலவற்றை இவ்வுரைகல்லில் தேய்த்தால் மாற்றுக் குறைவதைக் காணலாம். திறந்தவுடன் கோபுரமோ மரமோ எழுந்து நிற்கிறது. முதன்முறை வியப்பு, இரண்டாம் முறை பழக்கம், மூன்றாம் முறை திறப்பாரில்லை. இழைப்பில் குறை சிறிதுமில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாததே குறை.

மறைத்து வைக்கும் வழிகள் பல. எர்னெஸ்ட் நிஸ்டர் வெளியிட்ட நூல்களில் இரு படங்கள் பட்டைகளாக வெட்டிக் கோக்கப்பட்டன. நாக்கை இழுத்ததும் ஒன்று கரைந்து மற்றொன்றாக மாறும். விளக்கொளியில் பிடித்தால் மட்டும் உட்படம் தெரியும் அஞ்சலட்டைகளும் இருந்தன. ஆயின், யாரும் எண்ணாத வழியொன்று 1939இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வெளிப்பட்டது. இங்கிலாந்திலிருந்து கணிதம் பயிலச் சென்ற ஆர்தர் ஸ்டோன் என்னும் மாணவரின் கோப்பு, அமெரிக்கத் தாளைவிட அகலம் குறைந்தது. ஆதலால் அவர் தாள்களின் ஓரத்தை வெட்ட நேர்ந்தது. வெட்டி விழுந்த பட்டைகளைச் சும்மா மடித்துக்கொண்டிருந்தபோது அறுகோணம் ஒன்று உருவாயிற்று. அதன் மூலைகளைக் கிள்ளி நடுவில் திறந்தால், பூ மலர்வதுபோல் மலர்ந்து, அதுவரை கண்ணில் படாத புதிய முகம் ஒன்றைக் காட்டியது. இரண்டே பக்கம் உடையது தாள் என்பர். இந்த அறுகோணமோ மூன்று முகம் காட்டியது. பின்னர் ஆறு முகம் காட்டுவதும் அமைந்தது. இயற்பியலில் பெரும்புகழ் எய்திய ரிச்சர்டு ஃபைன்மன் உள்ளிட்ட நண்பர்கள் கூடி அதன் விதிகளை ஆராய்ந்தனர். 1956 டிசம்பரில் மார்ட்டின் கார்ட்னர் ஓர் அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையால் அது உலகெங்கும் பரவியது. குப்பைக் கூடைக்குச் செல்ல வேண்டிய தாள் துண்டு அது!

1914இல் மூண்ட முதல் உலகப்போரோடு ஜெர்மனியில் இத்தொழில் நலிந்தது. பின்னாளில் பிராக் நகரத்தவரான வொய்டெக் குபாஷ்டா (1914–1992) இதற்குப் புத்துயிர் தந்தார். கட்டடக்கலை பயின்ற அவர், பல துண்டுகளை ஒட்டுவதற்கு மாறாக, ஒரே தாளை வெட்டியும் மடித்தும் மாளிகைகளையும் கப்பல்களையும் எழுப்பினார். ஒட்டும் வேலை குறைந்தமையால் விலையும் குறைந்தது.

விலையைப் பற்றிப் பேசும்போது கைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். அச்சுப்பொறி ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தாள்களை அச்சிட்டுத் தள்ளும். வெட்டும் பொறியும் அவ்வாறே. ஆனால் நாக்கைத் துளையில் நுழைப்பது, பசையை ஒரு நெல்லளவு தடவி உரிய கோட்டில் ஒட்டுவது ஆகிய வேலைகள் இன்றும் மனிதக் கைகளாலேயே நடைபெறுகின்றன. ஆதலால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வடிவமைக்கப்படும் நூல்கள் கூலி குறைந்த நாடுகளில் இணைக்கப்படுகின்றன. 1970களில் கொலம்பியா நாட்டின் காலி நகரம் இவ்வேலைக்குப் பெயர்பெற்றிருந்தது. பின்பு அது சீனம், தாய்லாந்து முதலிய நாடுகளுக்கும் சென்றது. நூலின் முகப்பில் வடிவமைத்தவர் பெயர் உண்டு. ஒட்டிய கைகளின் பெயர் எங்கும் இல்லை. ஓர் அட்டையில் தேவையற்ற பத்து ஒட்டுகளைச் சேர்க்கும் அமைப்பாளர், தம் விருப்பத்துக்காக வேறொருவரின் ஒரு நாளை நீட்டுகிறார் என்பதை உணர்தல் வேண்டும். குபாஷ்டாவின் சிக்கனத்தில் கலைநயத்தோடு இவ்வறமும் அடங்கியுள்ளது எனலாம்.

இவ்வட்டைகளுக்கு ஒரு விந்தையான நிலைமையும் உண்டு. குழந்தை மிகவும் விரும்பிய நூலே முதலில் கிழிகிறது. 19ஆம் நூற்றாண்டின் அசையும் நூல்களுள் இன்று பழுதின்றி எஞ்சியிருப்பவை பெரும்பாலும் யாரும் நெடுநேரம் விளையாடாதவையே. அவற்றை நூலகங்கள் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கின்றன. தாள் முறிந்துவிடுமென்று நாக்கை எவரும் இழுக்க விடுவதில்லை. காப்பது நன்றே, ஆயினும் இழுக்கப்படாத நாக்கு, மீட்டப்படாத யாழ்நரம்பே ஆகும். மூலத்தைப் பேழையில் வைத்து, அதன் மறுபதிப்பை மக்கள் கையில் தருவதே தக்க வழி. மெக்கன்டோர்ஃபர் 1887இல் உருவாக்கிய சர்க்கஸ் நூலுக்கு அந்நற்பேறு கிட்டியது. அரைவட்டமாக விரிந்து நிற்கும் ஆறு காட்சிகளைக் கொண்ட அந்நூல் 1979இல் மீண்டும் அச்சாயிற்று. அதைத் தரையில் விரித்துவைத்துக் குதிரைகளையும் கோமாளிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் உரிமை குழந்தைகளுக்கு மீண்டும் கிடைத்தது.