மாணவர் வழங்கும் குழூஉக்குறி

மாணவர் நாவிலே நாள்தோறும் புதுச்சொற்கள் பிறக்கின்றன. அவற்றைக் கேட்ட அளவில் முகஞ்சுளித்து, தமிழ் அழிந்ததென்று அரற்றுவார் ஒரு சாரார். இளமையின் விளையாட்டென்று கேளாதார்போற் செல்வார் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் எமக்கு உடன்பாடல்ல. இச்சொற்களால் விளையும் கேடு ஒன்றுண்டு; ஆயின், அது மொழிக்கு நேரும் கேடன்று என்பதே எம் கருத்து.

புதுச்சொல் ஆக்குதல் தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலிலே இடக்கரடக்கல், மங்கலம் என்பவற்றோடு குழூஉக்குறியையும் தகுதி வழக்கினுள் அடக்கினார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும் வழங்கியமையை உரைகாரர் எடுத்துக்காட்டுவர். பிறர் அறியாவண்ணம் ஒரு குழுவினர் தமக்குள் வகுத்துக்கொண்ட குறிகள் இவை. விடுதி மாணவர் தமக்குள் வழங்கும் சொற்களும் இவ்வினத்தனவே. இலக்கணம் இடங்கொடுத்த ஒன்றை ஆசிரியர் பிரம்பால் விலக்க முயல்வது வீண்.

ஒரு சொல் பல பொருள் தருவதும் குற்றமன்று. கடி என்னும் உரிச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் முதலாகப் பல பொருள்களைத் தொல்காப்பியர் வகுத்தார். இன்று தமிழ்நாட்டு இளைஞர் சுவையற்ற பகிடியையும் கடி என்கின்றனர். பட்டியலில் ஒன்று கூடிற்று, அவ்வளவே! முன்னாளில் நறுமணத்தையுங் குறித்த நாற்றம் என்னுஞ் சொல் இந்நாளில் மூக்கைப் பொத்தச் செய்கின்றது. சரக்கு என்றதும் வணிகர் பண்டத்தையும், சித்த வைத்தியர் மருந்துப் பொருளையும், நம் வீட்டார் கறிக்கு இடும் தூளையும், சென்னை இளைஞர் மதுவையும் நினைப்பர். அந்தமாதிரி என்பதோ இன்னும் வேடிக்கையானது. யாழ்ப்பாணத்தில் ஒரு விருந்தை அந்தமாதிரி என்றால் மிகச் சிறந்தது என்பது பொருள். தமிழ்நாட்டில் ஒரு திரைப்படத்தை அந்தமாதிரிப் படம் என்றால், குடும்பத்தோடு பார்க்கத் தகாதது என்று கொள்வர். இங்கே புகழ்ச்சி, அங்கே இகழ்ச்சி.

இடம் மாறப் பொருள் மாறுவதால் நேர்வது பெரும்பாலும் சிரிப்பே. ஆயின், ஒரே வகுப்பில், ஒரே வாயில், வேண்டியபோது வேண்டிய பொருள் கொள்ளுமாறு ஒரு சொல்லை வைத்துக்கொள்வது வேறு. ஒரு மாணவனுக்குப் பட்டப்பெயர் சூட்டுகின்றனர். அது அவன் தோற்றத்தையோ வீட்டு வறுமையையோ குத்துவது என்பதை வகுப்பு முழுவதும் அறியும். ஆசிரியர் வினவினால், "சும்மா பகிடிக்குச் சொன்னது, சேர்" என்று வேறொரு பொருள் கூறப்படும். ஈண்டுப் பொருளை வகுப்பவன் வலியவன். நோவைத் தாங்குபவன் எளியவன். முறையிடவும் அவனுக்கு வழியில்லை. அகராதி மற்றவர் கையில் அன்றோ இருக்கின்றது!

பகிடி என்னும் சொல்லே இதற்குச் சான்று. வேடிக்கைப் பேச்சைக் குறித்த அச்சொல்லோடு வதை என்பதையும் சேர்த்துப் பகிடிவதை என வழங்கும் நிலை நம் நாட்டு உயர்கல்விக்கூடங்களுக்கு வந்தது. அதனைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வேண்டியதாயிற்று. கல்லூரியில் எளியவனைச் சொல்லால் வருத்திப் பழகிய நா, பல்கலைக்கழகம் புகுந்ததும் தானே திருந்தும் என்று எதிர்பார்த்தல் தகுமா?

ஆதலின் மாணவருக்கு ஓர் உரைகல்லைக் கூறுவோம். ஒரு சொல் யாரைக் குறித்ததோ, அவர் முன்னிலையில் அதன் பொருளை மறையாது விளக்க முடியுமாயின் அது நல்ல குழூஉக்குறி. விளக்க நா கூசுமாயின் அது வசை; பகிடி என்னும் போர்வை அதனை மறைக்காது.

ஆசிரியர்க்கும் ஒரு கடன் உண்டு. புதுச்சொல்லைக் கேட்டதும் சினவாது, "இதன் பொருள் என்ன?" என்று வினவுவோமாக. வெளிச்சத்தில் வைத்த சொல் நஞ்சு கக்குதல் அரிது. சந்திரசேகர பண்டிதர் தொகுத்த மானிப்பாய் அகராதி 1842இல் வெளிவந்த மண் இது. அம்மரபுக்கு ஏற்ப, நம் மாணவர் தமிழ் மன்றம் இக்கல்லூரியில் வழங்கும் சொற்களைப் பொருளோடு தொகுத்தல் நன்று. பழைய மாணவரும் தத்தம் காலத்துச் சொற்களை எழுதி அனுப்பி உதவுவாராக. அவற்றுள் எவற்றை இன்று அச்சேற்ற நாணுகின்றோம் என்பதை அப்போது நாமே கண்டுகொள்வோம்.