கோமாளி என்று ஆரைச் சொல்லுறியள்?

2018 நவம்பரில் கொழும்புப் பாராளுமன்றத்துக்குள் மிளகாய்த்தூளும் கதிரையும் பறந்தது ஞாபகம் இருக்கும். அந்தக் கிழமை எங்கடை முகநூல் பக்கங்களில் திரும்பின இடமெல்லாம் ஒரு சொல்: சர்க்கஸ். கீழே வந்த கருத்துகளில் 'கோமாளிகள்', 'கூத்தாடிகள்'. அதுக்குப் பிறகு எத்தினை தேர்தல் வந்து போச்சு, சொல் மட்டும் மாறேல்லை. கட்சி மாறினால் குட்டிக்கரணம், கூட்டணி வைச்சால் கயிற்றிலை நடக்கிறார். தமிழ்நாட்டிலை ஒரு நடிகர் கட்சி தொடங்கினால் 'கூத்தாடிக்கு என்ன அரசியல்?'. இப்பிடி எழுதுறவையில் கனபேர் தங்களை முற்போக்கு என்றும் சொல்லிக்கொள்ளுகினம். எங்களுக்குப் பொறுக்காதது அதுதான்.

அரசியல்வாதிக்குப் பரிந்துபேச நாங்கள் வரேல்லை. அவர் எக்கேடும் கெடட்டும். எங்கடை வழக்கு சர்க்கஸ்காரர் பக்கம். ஒரு தொழிலின் பெயரை எடுத்து வசையாக்கி, அந்தத் தொழிலின் அரைவாசித் திறமையும் இல்லாத ஒருவருக்கு அதைச் சூட்டினால், அவமானம் ஆருக்கு?

முதலில் கோமாளி என்ன வேலை செய்யிறார் என்று பாருங்கோ. கூடாரத்துக்குள் ஒரு வித்தை முடிஞ்சு அடுத்தது தொடங்க முன்னம் வலை கட்டவேணும், கம்பி இழுக்கவேணும், சாமான் மாத்தவேணும். அந்த நேரம் முழுக்கச் சனத்தின் கண்ணைத் தன்பக்கம் வைச்சிருக்கிறது கோமாளி. ஒருவர் மேலேயிருந்து விழுந்து அடிபட்டால், சனம் கலவரப்படாமல் ஓடிவந்து சிரிக்கவைக்கிறதும் அவர்தான். கம்பியில் நடக்கத் தெரியாத ஆள் கம்பியில் விழுந்தால் முதுகு முறியும். தெரியாதவன் மாதிரி விழ, நடக்கிறவனைவிட நல்லாய்த் தெரிஞ்சிருக்கவேணும். 1944 யூலை 6 இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ரிங்லிங் சர்க்கஸின் கூடாரம் தீப்பிடித்து 160 பேருக்கு மேல் செத்துப்போச்சினம். அண்டைக்கு எடுத்த படம் ஒன்று இப்பவும் சுற்றுது: எம்மெட் கெல்லி என்ற கோமாளி, முகப்பூச்சோடையும் பெரிய சப்பாத்தோடையும் தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு போறார். இனி ஆரையேன் கோமாளி என்று எழுதமுதல் அந்த வாளியை ஒருக்கால் நினைச்சுப் பாருங்கோ.

அடுத்தது ரிங் மாஸ்ரர். இந்தப் பெயரின் கதை இன்னும் சுவாரசியம். 1768 இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படைக்காரர் வட்டமாகக் குதிரை ஓட்டி வித்தை காட்டத் தொடங்கினார். வட்டத்தில் ஓடும் குதிரையின் முதுகில் நிமிர்ந்து நிற்க, அந்தச் சுழற்சியின் விசையே உதவி செய்யுது. 42 அடி விட்டம் என்ற அளவு அங்கையிருந்துதான் நிலைச்சது. அந்த வட்டத்தின் நடுவில் நின்று குதிரையின் வேகத்தைச் சீராக வைத்திருந்தவர் ரிங் மாஸ்ரர். பேந்து மேற்கில் அவர் தொப்பியும் கோட்டும் போட்டு நிகழ்ச்சியை அறிவிக்கிறவராக மாறினார். எங்கடை பக்கம் வந்தபோது அதே பெயர் வேறை ஆளுக்குப் போட்டுது. இந்திய சர்க்கஸில் ரிங் மாஸ்ரர் என்றால் சிங்கம், புலியோடை கூட்டுக்குள்ளை போறவர். புனேயில் பிறந்த தாமு தோத்ரே அப்பிடி ரிங்லிங் சர்க்கஸ் வரைக்கும் போய்ப் பெயரெடுத்தவர். 1998 இல் இந்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வித்தைக்குப் பழக்கத் தடை போட்டது. 2001 இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. மிருகங்களுக்கு அது நல்லது, அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த ஐந்து மிருகத்தோடை ஒரு தொழிற்பெயரும் வெறுங்கூடாப் போச்சு.

யாழ்ப்பாணத்தில் மாஸ்ரர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார். சயிக்கிளிலை போனால் கடைவாசலிலை இருக்கிறவை எழும்பி நிற்கிற மரியாதை. இந்திய சர்க்கஸின் தந்தை என்று சொல்லப்படுகிற கீலேரி குஞ்ஞிக்கண்ணனும் உண்மையிலேயே ஒரு மாஸ்ரர்தான். கேரளத்தின் தலச்சேரியில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக் குடுத்தவர், 1901 இல் சிறக்கரையில் சர்க்கஸ் பழக்குகிற கூடம் தொடங்கினார். அவரை அந்த ஊர் இண்டைக்கும் 'டீச்சர்' என்று சேர்த்துத்தான் சொல்லுது. அவரிட்டைப் பழகின பெடியள்தான் பிறகு ஊர் ஊராகக் கூடாரம் போட்டவை. தொடக்கி வைச்சவர் டீச்சர், தொடர்ந்தவை சர்க்கஸ்காரன். படிப்பிச்சால் ஒரு விகுதி, செய்து காட்டினால் இன்னொரு விகுதி.

விகுதியைத்தான் நாங்கள் பிடிக்கவேணும். பாடகர், நடிகர், இயக்குநர், எல்லாம் 'அர்'. கூத்துப் பழக்குகிறவர் அண்ணாவியார், அவருக்கு 'யார்' கூட இருக்கு. ஆனால் கட்டியக்காரன், மேளகாரன், சர்க்கஸ்காரன் என்று வந்தவுடனை 'காரன்'. மீன்காரன், தேங்காய்காரன் வரிசையில் நிற்பாட்டியாச்சு. கோமாளியாரே என்று ஆரையும் கூப்பிட்டதை நீங்கள் கேட்டிருக்கிறியளோ? காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவை 'நடிகமணி' என்று கொண்டாடினது எங்கடை சமூகம், சரிதான். ஒருவருக்குப் பட்டம் குடுத்தால் தொழிலுக்கும் மரியாதை குடுத்த மாதிரி என்று நினைக்கிறம். மணி என்று ஒருவரைத் தனியாத் தூக்கி வைச்சுப்போட்டு, மிச்சப் பேரைக் கூத்தாடி என்றே விட்டாச்சு.

கூத்தாடி என்ற சொல்லில் அப்பிடி என்ன குறை? பத்துப்பாட்டில் நாலைஞ்சு பாட்டுக்குத் தலைப்பே தொழிற்பெயர்தான்: பொருநர், பாணர், கூத்தர். குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் கயிற்றின்மேல் ஆடுகிறவரின் பறை வருது, ரெண்டாயிரம் வருசப் பழைய சர்க்கஸ். சிவனைக் கூத்தன் என்று கும்பிடுறம். சண்டிலிப்பாயில் சீரணி நாகபூஷணி அம்மன் கோயிலிலையோ கல்வளைப் பிள்ளையார் கோயிலிலையோ தேவாரம் படிக்கிற அதே வாய், வீட்டை வந்து நாடகம் பழகப் போன பிள்ளையைப் பாத்து 'என்ன, கூத்தாடப் போறியோ?' என்று கேக்குது. ஆடினது சிவன் என்றால் கூத்தன், நீ என்றால் கூத்தாடி.

பழைய ஆக்களுக்கு விசயம் தெரிஞ்சிருக்கு. 'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்று ஒரு பழமொழி. இராக்கூத்து ஆடுகிறவர் எப்ப விடியும் என்று கிழக்கைப் பார்க்கிறார், தோட்டத்தில் கொத்துகிறவர் எப்ப பொழுது சாயும் என்று மேற்கைப் பார்க்கிறார். ரெண்டு பேரும் வேலை நேரம் முடியிறதைப் பார்க்கிற தொழிலாளர்கள். கலை, தெய்வீகம் என்ற பூச்சு ஒன்றும் இல்லை.

இதே ஊரில் தூக்குக் காவடிக்கு என்ன மரியாதை என்று யோசியுங்கோ. முதுகிலும் காலிலும் செடில் குத்தி, ஒருவரை அந்தரத்தில் தூக்கி, உழவு இயந்திரத்தில் ஊர்வலம் கொண்டுவாறம். கீழே நிற்கிறவை கைகூப்புகினம். அது நேர்த்தி, அதை நாங்கள் பழிக்கேல்லை. ஆனால் காணிவலில் மரணக் கிணற்றுக்குள்ளை கைவிட்டு மோட்டச்சயிக்கிள் ஓடுகிற பெடியனும் அந்தரத்தில்தான் நிற்கிறான், ஒரு நாளைக்குப் பலதரம், சம்பளத்துக்கு. அவனுக்கு எங்களிட்டை ஒரு பெயர்கூட இல்லை. 'மரணக் கிணறு ஓடுறவன்' என்று சொல்லி, நீட்டின காசை அவன் ஓடிக்கொண்டே பறிச்செடுக்கிறதை வீடியோ எடுத்துப் போடுறம்.

சர்க்கஸுக்குள்ளையும் பெயர்கள் நீதியாக இல்லை. இந்திய சர்க்கஸில் ஜோக்கர் என்றால் பெரும்பாலும் உயரம் குறைந்த மனிதர். அது வேலையின் பெயர்போலத்தான் கேக்கும், உண்மையில் உடம்பின் பெயர். அவருக்குக் கம்பியில் நடக்கத் தெரிஞ்சாலும், பந்து எறிந்து பிடிக்கத் தெரிஞ்சாலும், கணக்கு வழக்குப் பார்க்கத் தெரிஞ்சாலும் அவர் ஜோக்கர்தான். 1970 இல் ராஜ் கபூர் ஜோக்கராக நடித்தார், 1989 இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமல் உயரம் குறைத்து அப்புவாக நடித்தார். எப்பிடிச் செய்தார் என்று இண்டைக்கும் வியந்து கதைக்கிறம். நடிகர் குள்ளமாக நிற்பது திறமை, குள்ளமாகப் பிறந்தவர் நிற்பது ஜோக்கு. இதைவிட வேறை விளக்கம் தேவையோ?

மேலே ட்ரபீஸில் பாருங்கோ. 1859 இல் பாரிஸில் ழூல் லெயோதார் ஊஞ்சலிலிருந்து ஊஞ்சலுக்குப் பறந்து காட்டினார். அவர் போட்ட இறுக்கமான உடுப்புக்கு இன்னும் அவர் பெயர்தான். அவர் கம்பி விட்டுக் கம்பி பிடித்தவர். பிறகுதான் ஆளை ஆள் பிடிக்கிற வித்தை வந்தது. பறக்கிறவரைச் சுவரொட்டியில் போடுகினம். முழங்காலில் தலைகீழாகத் தொங்கி, கணக்குப் பிசகாமல் ஆடிவந்து மணிக்கட்டைப் பிடிக்கிற கேட்சர் ஆர் என்று கேட்டால் தெரியாது. அவருக்குக் கீழே வலை கட்டி, கயிற்றின் இறுக்கம் பார்த்து விடுகிறவருக்கு 'ரிங் பாய்' என்று பெயர். தலை நரைச்சாலும் பாய்தான்! எங்கடை கடைகளில் ஐம்பது வயது மனுசனைப் 'பெடியா' என்று கூப்பிடுகிற மாதிரி. ஒரு முடிச்சு இளகினால் பறக்கிறவர் சாவார். அந்த முடிச்சுக்குப் பொறுப்பானவர் பாய்.

'சரி, எல்லாரையும் கலைஞர் என்று கூப்பிட்டால் முடிஞ்சுதே?' என்று கேப்பியள். முடியாது. நல்ல பெயரும் ஏமாத்தும், சிலநேரம் கெட்ட பெயரைவிடக் கூட. இந்திய சர்க்கஸ்களில் பயிற்சி என்றும் கலை என்றும் சொல்லிச் சின்னப் பிள்ளைகளை, கனபேரை நேபாளத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தவை. பச்பன் பச்சாவோ ஆந்தோலன் 2006 இல் வழக்குப் போட்டு, 2011 ஏப்ரல் 18 இல்தான் சர்க்கஸில் பிள்ளைகளை வேலைக்கு வைக்கத் தடை போடச்சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 'ஆர்ட்டிஸ்ட்' என்ற பெயர் ஒரு பிள்ளையையும் காப்பாத்தேல்லை. 'நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்' என்று முதலாளி சொன்னால் சம்பளப் புத்தகத்தைக் கேளுங்கோ.

இது எங்களுக்குப் புதுசில்லை. வடக்கில் வருசக்கணக்காகப் படிப்பிச்சவைக்கு 'தொண்டர் ஆசிரியர்' என்று பெயர். தொண்டர் என்ற சொல் எவ்வளவு அழகு! அந்த அழகுக்குள்ளை சம்பளம் காணாமல் போட்டுது, அவை வீதியில் இருந்து போராடவேண்டி வந்தது. சாப்பாடு கொண்டுவாற பெடியனுக்குக் கம்பனி வைச்ச பெயர் 'பார்ட்னர்'. பங்காளி என்று தமிழில் சொல்லிப் பாருங்கோ. பெற்றோல் காசு அவனுடையது, மழை அவனுடையது. பங்கு மட்டும் எங்கை போகுது?

அப்ப பெயர் ஏன் முக்கியம்? ஏனென்றால் பெயரை வைத்துத்தான் உரிமை எழுதப்படுது. கேரள அரசு முதிய சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் குடுக்குது. நல்லது. ஆனால் 'கலைஞர்' என்ற சொல்லுக்குள்ளை ஆர் வருவினம்? பறந்தவர் வருவார். வலை கட்டினவர்? கூடாரக் கம்பம் நட்டவர்? நூறு பேருக்குச் சமைச்சவர்? எங்கடை பழைய, லமினேற் அடிச்ச அடையாள அட்டையின் பின்பக்கம் தொழில் என்று ஒரு வரி இருந்தது. பழைய பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் தொழிலும் எழுதப்பட்டது. இரவு முழுக்க ஆடினவர் காலமை வயலுக்கோ கடலுக்கோதான் போனார். சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகத்தின் ஒரு படிவத்தில் அவர் தொழில் கேட்டால் கமம், கூலி, கடற்றொழில் என்றுதான் எழுதுவார், கூத்து என்று எழுதமாட்டார். அது பொய்யும் இல்லை. ஆனால் அப்பிடி எழுத எழுத, அந்த ஊரில் கூத்து என்ற தொழிலைச் செய்தவர் ஒருவருமே கடதாசியில் இல்லாமல் போகினம். கடதாசியில் இல்லாதவருக்குக் காப்புறுதியும் இல்லை, விழுந்தால் இழப்பீடும் இல்லை.

ஆகவே நாங்கள் கேக்கிறது மரியாதைச் சொல் இல்லை, சரியான சொல். ஜோக்கருக்கு அவர் செய்கிற வேலையின் பெயர். ரிங் பாய்க்குக் கயிறு கட்டுநர் என்றோ, கம்பிப் பொறுப்பாளர் என்றோ, அவையே விரும்புகிற வேறை எதையோ. கேட்சருக்குச் சுவரொட்டியில் பறக்கிறவரின் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்து. பாராளுமன்றத்தில் கதிரை எறிகிறவருக்கு ஏற்ற சொல் தமிழில் வேணுமென்ற மட்டும் இருக்கு, தொழிலாளரிட்டைக் கடன் வாங்கத் தேவையில்லை.

ஊரில் தொடங்குறது இன்னும் லேசு. சனசமூக நிலைய விழாவோ, கோயில் திருவிழா நாடகமோ, நோட்டீஸில் பிரதம விருந்தினரின் பெயர் பட்டங்களோடை மூன்று வரி பிடிக்கும். கடைசியில் 'மற்றும் பலர்'. ஒலிபெருக்கி கட்டினவர், மேடை போட்டவர், முகம் பூசினவர், கோமாளிக்கு ஆடினவர் எல்லாரும் அந்தப் 'பலர்' இலைதான் நிற்கினம். இந்த முறை நோட்டீஸை அச்சுக்குக் குடுக்கமுதல் எங்களுக்கு ஒருக்கால் அனுப்புங்கோ. பெயர்களை நாங்கள் கேட்டு எழுதித் தாறம். இடம் காணாதென்றால் விருந்தினரின் பட்டங்களில் ரெண்டை வெட்டலாம்.